ஓர் அங்குலத் தோட்டா படுத்தும் பாடு!

2024-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி. பிரான்சு நாட்டில் ஷாத்தோரூ என்ற ஊர்.

ஒலிம்பிக் துப்பாக்கி சுடும் போட்டியின் இறுதிச் சுற்று நடந்து கொண்டிருந்தது. களத்தில் எட்டுப் பேர். அவர்களில் ஒருவர் இந்தியர். பெயர் சுவப்னில் குசாலே. வயது 28. மராட்டிய மாநிலம் கோலாப்பூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். ரெயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலை பார்த்தவர்.

முதலில் மண்டியிட்டுச் சுட வேண்டும். அடுத்துப் படுத்துச் சுட வேண்டும். கடைசியில் நின்று சுட வேண்டும். இதுதான் போட்டி.

தொடக்கத்தில் குசாலே பின்தங்கி இருந்தார். அவர் கலங்கவில்லை. நின்று சுடும் கட்டம் வந்தது. ஒவ்வொரு படியாக ஏறினார். மூன்றாவது இடம்! வெண்கலப் பதக்கம்!

இந்தப் போட்டியில் இந்தியாவுக்கு ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது அதுவே முதல் தடவை.

நாடு மகிழ்ந்தது. பத்திரிகைகள் அவருடைய குடும்பக் கதையை எழுதின. அதில் ஒரு செய்தி எல்லாரையும் வியக்க வைத்தது.

அவருடைய தந்தை பள்ளி ஆசிரியர். மகனின் பயிற்சி நின்றுவிடக் கூடாது என்று அவர் கடன் வாங்கினாராம். எதற்காக? தோட்டா வாங்குவதற்காக!

துப்பாக்கிக்குக் கடன் என்றால் புரிகிறது. தோட்டாவுக்குமா கடன்? சுட்டால் தீர்ந்துபோகும் பொருளுக்கா?

ஆம். இந்த விளையாட்டில் துப்பாக்கி ஒரு தடவைச் செலவு. தோட்டாவோ அன்றாடச் செலவு. வீட்டில் அடுப்பு ஒரு முறை வாங்குகிறோம். அரிசி மாதா மாதம் வாங்குகிறோம் அல்லவா? அதைப் போலத்தான்.

சட்டைப் பொத்தான்

இந்தப் போட்டியில் பயன்படும் தோட்டாவுக்கு ".22" என்று பெயர். "பாயிண்ட் இருபத்திரண்டு" என்று சொல்வார்கள். ஓர் அங்குலத்தில் நூறில் 22 பங்கு என்பது பொருள். குண்டின் பருமனை ஒட்டி வந்த பெயர் இது.

தோட்டாவின் மொத்த நீளமே ஓர் அங்குலம்தான். அதன் முனையில் இருக்கும் ஈயக் குண்டின் எடை சுமார் இரண்டரை கிராம். உள்ளே இருக்கும் வெடிமருந்து, ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஒரு சிட்டிகைக்கும் குறைவு!

குறிப் பலகை 50 மீட்டர் தூரத்தில் இருக்கும். அதன் நடுவே ஒரு சின்ன வட்டம். அதில் பட்டால் பத்துப் புள்ளி. அந்த வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லி மீட்டர். ஒரு சட்டைப் பொத்தான் அளவு!

தெருவின் இந்தக் கோடியில் ஒருவர் நிற்கிறார். அந்தக் கோடியில் நிற்பவரின் சட்டைப் பொத்தானைப் பார்க்கிறார். அந்தப் பொத்தானில் குண்டு பட வேண்டும். ஒரு தடவை அல்ல. அறுபது தடவை!

அறுபதும் பத்தில் படுமா? பட்டிருக்கிறது. 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கில் படுத்துச் சுடும் போட்டி நடந்தது. பெலாரஸ் நாட்டின் செர்கெய் மார்ட்டினோவ் தகுதிச் சுற்றில் 600-க்கு 600 எடுத்தார். பிறகு தங்கமும் வென்றார்.

அதே போட்டியில் இந்தியாவின் ஜாய்தீப் கர்மாகர் நான்காவது இடம் பெற்றார். வெண்கலம் கிடைக்காமல் போனது 1.9 புள்ளியில்! அந்தப் படுத்துச் சுடும் போட்டி 2016-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லை.

இவ்வளவு நெருக்கமான போட்டி இது. இதில் தோட்டா கொஞ்சம் சொதப்பினாலும் பதக்கம் கை நழுவிப் போகும்.

உள்ளே என்ன இருக்கிறது?

தோட்டா என்பது என்ன? ஒரு பித்தளைக் குப்பி. அதற்குள் வெடிமருந்து. அதன் வாயில் ஈயக் குண்டு. அடிப்பக்கத்தில், தட்டினால் தீப்பிடிக்கும் மருந்து. தீபாவளிப் பொட்டுவெடியை நினைத்துக் கொள்ளலாம்.

பெரிய தோட்டாக்களில் இந்தத் தீமருந்து அடிப்பாகத்தின் நடுவில், தனியாக ஒரு சின்ன மூடிக்குள் இருக்கும். சுட்ட பிறகு அந்த மூடியைக் கழற்றலாம். புது மூடி போடலாம். மருந்து நிரப்பலாம். புதுக் குண்டு செருகலாம். குப்பி திரும்பவும் தோட்டா ஆகிவிடும்!

வெளிநாடுகளில் பெரிய துப்பாக்கியால் வெகுதூரம் சுடும் வீரர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். வீட்டில் தராசு வைத்திருக்கிறார்கள். பொற்கொல்லர் தங்கம் நிறுப்பதைப் போல மருந்தை நிறுத்துப் போடுகிறார்கள். தங்கள் தோட்டாவைத் தாங்களே செய்து கொள்கிறார்கள்.

.22 தோட்டாவில் அது நடக்காது.

இதில் தீமருந்து, குப்பியின் அடி விளிம்புக்குள் இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பைத் தட்டுகிறது. விளிம்பு நசுங்கி மருந்து தீப்பிடிக்கிறது. நசுங்கிய விளிம்பு நசுங்கியதுதான். வீட்டில் உட்கார்ந்து அதைச் சீர் செய்ய முடியாது. சுட்ட குப்பி குப்பைக்குத்தான் போகும்.

ஆகவே .22 வீரர் முழுக்க முழுக்கத் தொழிற்சாலையை நம்பி இருக்கிறார். துப்பாக்கியைத் தன் உடம்புக்கு ஏற்றபடி திருத்திக் கொள்ளலாம். மூச்சை அடக்கப் பழகலாம். விரலைப் பழக்கலாம். தோட்டாவை மட்டும் அவர் தொட முடியாது. தொழிற்சாலை எப்படிச் செய்து கொடுத்ததோ, அப்படியே சுட வேண்டும்.

கதை பழையது

விளிம்பில் வெடிக்கும் தோட்டா புதிய பொருள் அல்ல. 1845-ல் பிரான்சில் ஃபுளோபர் என்பவர் இதற்கு அடிக்கல் நாட்டினார். 1857-ல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெசன் கம்பெனி குட்டையான .22 தோட்டாவை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இன்று போட்டிகளில் பயன்படும் தோட்டா 1887-ல் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டு வந்தது.

அதாவது இதன் அச்சு 130 ஆண்டுகளுக்கு மேல் மாறவில்லை. மாறியது தரம்தான்.

இன்று உயர்ந்த ரகத் தோட்டாவுக்குப் பெயர் பெற்ற இடங்கள் சில. இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே ஈலி தொழிற்சாலை. ஜெர்மனியில் ஷோனபெக் என்ற ஊரில் லாப்புவா தொழிற்சாலை. அதே ஜெர்மனியில் ஃபூர்த் என்ற ஊரில் ஆர்.டபிள்யூ.எஸ். தொழிற்சாலை. உலகப் போட்டிகளில் இவற்றின் தோட்டாக்களை அடிக்கடி காணலாம்.

வேகம் குறைவதே நல்லது!

குண்டு வேகமாகப் போனால் நல்லது என்று யாரும் நினைப்பார்கள். இங்கே கதை தலைகீழ்!

காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,120 அடி வேகத்தில் செல்கிறது. போட்டித் தோட்டாவின் வேகம் சுமார் 1,070 அடி. ஒலியை விடக் கொஞ்சம் குறைவு. வேண்டும் என்றேதான் இப்படிச் செய்கிறார்கள்.

அதிவேகத் தோட்டாவும் கடையில் கிடைக்கிறது. அது ஒலியை முந்திக் கொண்டு கிளம்பும். வழியில் வேகம் குறையும். ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும் அந்த இடத்தில் காற்று குண்டை உலுக்குகிறது. குண்டு தடுமாறுகிறது. குறி பிசகுகிறது. அதனால் போட்டி வீரர்கள் அதிவேகத் தோட்டாவை நாடுவது இல்லை.

அவர்களுக்கு வேண்டியது அதிக வேகம் அல்ல. ஒரே வேகம்!

தூரம் கூடக் கூடத் தொல்லை

ஒரே வேகம் என்பதில் என்ன அவ்வளவு பெரிய விஷயம்? கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

துப்பாக்கியை விட்டுக் கிளம்பிய கணமே குண்டு கீழ்நோக்கி விழத் தொடங்குகிறது. மாங்காய் மேல் எறிந்த கல்லும் அப்படித்தான். மெதுவாகப் போகும் குண்டு வழியில் அதிக நேரம் இருக்கும். அதிகம் விழும்.

இரண்டு தோட்டாக்களுக்கு வேகத்தில் வினாடிக்குப் பத்து அடி வித்தியாசம் என்று வைத்துக் கொள்வோம். நூறில் ஒரு பங்குகூட இல்லை.

50 மீட்டரில் அந்தக் குண்டுகள் சுமார் 2 மில்லி மீட்டர் மேலும் கீழுமாகப் படும். அது போகட்டும் என்று விடலாம். ஆனால் வித்தியாசம் 30 அடி என்றால்? 6 மில்லி மீட்டருக்கு மேல் ஆகிவிடும். பத்துப் புள்ளி வட்டமே 10.4 மில்லி மீட்டர்தான்!

இன்னும் தூரம் போனால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் இந்தச் சின்னத் தோட்டாவைக் கொண்டே 200 கெஜம், 300 கெஜம் என்று சுடுகிறார்கள். ஒரு கெஜம் மூன்று அடி. 200 கெஜம் என்றால் 600 அடி. அங்கே போய்ச் சேருவதற்குள் குண்டு சுமார் 6 அடி விழுந்துவிடுகிறது. ஓர் ஆள் உயரம்! 300 கெஜத்தில் சுமார் 15 அடி. ஒரு மாடி உயரத்துக்கும் மேல்!

விழுவது பற்றிக் கவலை இல்லை. எவ்வளவு விழும் என்று தெரிந்தால் அவ்வளவு உயர்த்திக் குறி வைக்கலாம். ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு அளவு விழுந்தால்தான் தலைவலி.

200 கெஜத்தில், பத்து அடி வேக வித்தியாசம் ஓர் அங்குலத்துக்கு மேல் மாற்றிவிடும். மலிவு ரகத் தோட்டாவில், ஒரே பெட்டிக்குள் 50, 60 அடி வித்தியாசம் இருப்பது சாதாரணம். அப்படியானால் ஒரு குண்டு மேலே போகும். அடுத்தது ஐந்தாறு அங்குலம் கீழே போகும். வீரர் ஒரு தவறும் செய்யவில்லை. ஆனாலும் குறி தவறிவிட்டது!

தவறு தன் கையிலா, தோட்டாவிலா என்று அவருக்கே தெரியாது. அதுதான் கொடுமை. தன்னைத் திருத்திக் கொள்ள வேண்டிய இடத்தில் துப்பாக்கியைத் திருகுவார். துப்பாக்கியைத் திருகிய பிறகு தன் மேலேயே சந்தேகப்படுவார்.

விலை ஏன் ஏறுகிறது?

மலிவு ரகத்துக்கும் உயர்ந்த ரகத்துக்கும் விலை நாலைந்து மடங்கு வேறுபடும். அமெரிக்கக் கடைகளில் மலிவு ரகம் ஒன்று பத்து சென்டுக்கும் குறைவு. உயர்ந்த ரகம் ஒன்று 30, 40 சென்டுக்கு மேலும் போகிறது.

வருடத்துக்கு 5,000 தோட்டா சுடுகிறவர் இருக்கிறார். மலிவு ரகம் எட்டு சென்டு என்றால் 400 டாலர். உயர்ந்த ரகம் 40 சென்டு என்றால் 2,000 டாலர்! துப்பாக்கியின் விலையையே தோட்டா விழுங்கிவிடும்.

ஈயம் அதே ஈயம். பித்தளை அதே பித்தளை. பிறகு ஏன் இந்த விலை?

தீமருந்தை ஈரமாகக் குழைத்துக் குப்பியில் போடுகிறார்கள். குப்பியைச் சுழற்றுகிறார்கள். மருந்து விளிம்பு முழுவதும் பரவுகிறது. ஒரு பக்கம் அதிகமாகவும் மறு பக்கம் குறைவாகவும் இருந்தால், தீப்பிடிப்பது மாறும். வேகம் மாறும். குண்டு மெதுவான ஈயம். விரல் நகம் பட்டாலே கீறல் விழும். அதற்கு மேல் மெழுகுப் பூச்சு. பூச்சு ஏறக்குறைய இருந்தாலும் குண்டின் போக்கு மாறும்.

இவை எல்லாம் ஒரே சீராக இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான தோட்டாக்களில் ஒன்றுகூடப் பிசகக் கூடாது. அதற்குச் சோதனை வேண்டும். திரும்பத் திரும்பச் சோதனை வேண்டும்.

பல தொழிற்சாலைகளில் ஒரே இயந்திரத்தில் செய்த தோட்டாக்களையே சோதித்துத் தரம் பிரிக்கிறார்கள். மிக நன்றாகச் சுட்ட சரக்கு உயர்ந்த பெயரில், உயர்ந்த விலைக்குப் போகிறது. அடுத்தது அடுத்த பெயரில் போகிறது. வாங்குகிறவர் கொடுப்பது ஈயத்துக்கு விலை அல்ல. பொறுக்கி எடுத்ததற்கு விலை!

இட்லி ஈடு மாதிரி

இன்னும் ஒரு வேடிக்கை உண்டு.

வீட்டில் இட்லி சுடுகிற தாய்மார்களுக்கு இது தெரியும். மாவு ஒன்றுதான். பானை ஒன்றுதான். ஆனால் முதல் ஈடு பூப்போல இருக்கும். அடுத்த ஈடு கொஞ்சம் கல்லாக இருக்கும்.

தோட்டாவிலும் ஈடு உண்டு. அதை "லாட்" என்பார்கள். பெட்டியின் மேல் லாட் எண் அச்சிட்டு இருக்கும். அதே கம்பெனி, அதே பெயர், அதே விலை. ஆனால் ஒரு லாட் ஒரு துப்பாக்கியில் அற்புதமாகச் சுடும். அடுத்த லாட் அதே துப்பாக்கியில் சிதறும். சிதறிய லாட் இன்னொருவர் துப்பாக்கியில் பொத்தானைத் துளைக்கும்!

எந்த லாட் எந்தக் குழலுக்குப் பொருந்தும்? பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. சுட்டுத்தான் அறிய வேண்டும்.

இதற்காகவே பர்மிங்காமிலும் ஷோனபெக்கிலும் அமெரிக்காவின் மேசா நகரிலும் சோதனைக் கூடங்கள் அமைத்தார்கள். வீரர் தம் துப்பாக்கியோடு போகிறார். துப்பாக்கியின் கட்டையைக் கழற்றிவிட்டுக் குழலை இரும்புப் பிடியில் இறுக்குகிறார்கள். மனிதக் கை படுவது இல்லை. ஒவ்வொரு லாட்டிலும் சில தோட்டாக்களைச் சுடுகிறார்கள். எந்த லாட் குண்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாகப் படுகின்றனவோ, அதுவே பொருத்தம். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பது மாதிரி!

பொருத்தம் கிடைத்துவிட்டால், வசதி உள்ளவர் அந்த லாட்டில் ஆயிரக்கணக்கில் வாங்கி வைத்துக் கொள்கிறார். தீர்ந்துபோனால் அந்த லாட் திரும்பக் கிடைக்காது அல்லவா?

இங்கேதான் ஏழைக்கும் பணக்காரனுக்கும் வித்தியாசம் தெரிகிறது. ஒருவர் பத்து லாட் சோதித்து ஒன்றைத் தேர்ந்து எடுக்கிறார். இன்னொருவர் கையில் கிடைத்த பெட்டியை வாங்கிச் சுடுகிறார். களத்தில் இருவருக்கும் ஒரே குறி. ஒரே நேரம். ஒரே சட்டம்.

ஏழைக்கு வழி உண்டா?

உண்டு.

அமெரிக்காவில் 2017-ல் என்.ஆர்.எல். 22 என்ற போட்டி தொடங்கியது. உள்ளூர்ச் சங்கங்களில் மாதா மாதம் நடக்கும் போட்டி. தூரம் 100 கெஜத்துக்கு மேல் போகாது. துப்பாக்கியும் தொலைநோக்கியும் சேர்த்து ஒரு குறிப்பிட்ட விலைக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு பிரிவும் வைத்தார்கள். சாதாரணக் குடும்பத்தாரும் வர வேண்டும் என்பது நோக்கம்.

அனுபவசாலிகள் சிக்கனத்துக்குச் சில வழிகள் சொல்கிறார்கள்.

முதல் வழி: தோட்டா இல்லாமலே பழகுவது. நிற்கும் நிலை, மூச்சு, விரல் அசைவு எல்லாவற்றையும் வெறும் துப்பாக்கியில் பழகலாம். ஆனால் .22 துப்பாக்கிகள் சிலவற்றில், உள்ளே ஒன்றும் இல்லாமல் விசையை இழுத்தால் ஊசி குழலின் விளிம்பில் மோதிக் கெடுத்துவிடும். அதற்கென்று உள்ள போலித் தோட்டாவைப் போட்டுப் பழக வேண்டும்.

இரண்டாவது வழி: காற்றுத் துப்பாக்கி. அதற்குரிய ரவைக்குச் செலவு மிகக் குறைவு. கையும் கண்ணும் பழக அது போதும்.

மூன்றாவது வழி: பக்கத்துத் தூரத்தில் மலிவு ரகம், போட்டியில் உயர்ந்த ரகம். 25 கெஜத்தில் மலிவுத் தோட்டாவின் குற்றம் அதிகம் தெரியாது.

நான்காவது வழி: பல ரகத்தில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்ப்பது. நடுத்தர விலையில் ஒன்று தன் துப்பாக்கிக்குப் பொருந்தினால், அதையே ஒரே லாட்டில் வாங்குவது. பொருந்தாத விலை உயர்ந்த தோட்டாவை விட, பொருந்திய நடுத்தரத் தோட்டா மேல்!

மலிவுத் தோட்டாக்களைத் தராசில் நிறுத்துப் பிரிப்பவர்களும் உண்டு. அதில் பலன் உண்டு என்பவர் சிலர். வீண் வேலை என்பவர் பலர். தீமருந்து எப்படிப் பரவி இருக்கிறது என்பதைத் தராசு சொல்லாது!

விளையாட்டுப் பொருள் அல்ல

தோட்டா சின்னது. ஆபத்து சின்னது அல்ல. இந்தக் குண்டு ஒரு மைலுக்கு மேலும் போகக் கூடியது. பெட்டியின் மேலேயே எச்சரிக்கை அச்சிட்டு இருப்பார்கள். இந்தியாவில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இந்தத் துப்பாக்கிக்கு லைசென்சு வேண்டும். தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. சங்கத்தின் களத்தில், பயிற்சியாளர் கண் முன்னால்தான் பழக வேண்டும்.

பணத்தால் வாங்க முடியாதது

எல்லாம் சரி. விலை உயர்ந்த தோட்டா வாங்கினால் வெற்றி நிச்சயமா?

இல்லை!

200 கெஜத்தில் மணிக்குப் பத்து மைல் வேகத்தில் குறுக்கே காற்று அடித்தால், குண்டு ஓர் அடிக்கு மேல் விலகிப் போகிறது. எந்தத் தோட்டாவானாலும் இதுதான் கதி. கொடி எப்படி அசைகிறது, புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, காத்திருந்து சுட வேண்டும். அந்தப் பொறுமை எந்தக் கடையிலும் கிடைக்காது.

நல்ல தோட்டா வெற்றியைத் தருவது இல்லை. அது ஒரே ஒரு காரியம் செய்கிறது. "தவறு நடந்தால் அது உன் தவறு, என் தவறு அல்ல" என்று வீரருக்குச் சொல்கிறது. அப்படித் தெரிந்தவர்தான் தன்னைத் திருத்திக் கொள்ள முடியும்.

கோலாப்பூர் மாவட்டத்து ஆசிரியர் கடன் வாங்கி மகனுக்குக் கொடுத்தது அதைத்தான். குண்டுகள் போய்விட்டன. குப்பிகள் குப்பைக்குப் போய்விட்டன. ஆனால் அவை பழக்கிய கையும் மனமும் ஷாத்தோரூவில் நின்று சுட்டன.

கடன் வீண் போகவில்லை!